பென்சிலுக்கு முன்னே பிள்ளையின் கை

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளைத் தங்கள் பொறுப்பில் வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் இதே கடிதம் வரும். வாசிக்கச் சிரமப்படும் பாட்டிமாருக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள், சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு பாட்டி ஒன்றாம் வகுப்பு படிக்கும் பேரனைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல இவன் வயசுப் புள்ளைங்க ரெண்டு பக்கம் எழுதுதுங்க டீச்சர். இவன் ஒரு வரிக்கே கை வலிக்குதுங்கறான். வீட்டுக்கு நிறைய எழுதக் குடுங்க" என்றார். பையனை உட்காரவைத்து 'ட' எழுதச் சொன்னேன். உலக்கையைப் பிடிப்பதுபோல ஐந்து விரலாலும் பென்சிலை இறுக்கிப் பிடித்தான். நகம் வெளுத்துவிட்டது. தோள் காதுவரை ஏறியது. மூன்றாவது எழுத்தில் தாள் கிழிந்தது. அதே எழுத்தைக் காற்றில் விரலால் எழுதிக் காட்டச் சொன்னேன், சரியாகவே எழுதினான். எழுத்து அவனுக்குத் தெரிகிறது. விரலில்தான் இன்னும் பலம் வரவில்லை. இரண்டு பக்கம் எழுதக் கொடுத்தால் அந்தக் கைக்கு வலிதான் கூடும், எழுத்து அழகாகாது.

வீட்டில் அவன் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டேன். பள்ளி விட்டதும் போன். சட்டைப் பொத்தான் பாட்டி போட்டுவிடுகிறார், சோறும் ஊட்டிவிடுகிறார். பாசத்தில் செய்வதுதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கைகளுக்கு நாள் முழுக்க வேலையே இல்லை.

பிள்ளைக்கு உடம்பு நடுவிலிருந்து நுனிக்கு வசப்படுகிறது. முதலில் கழுத்து, முதுகு, இடுப்பு. பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு. கடைசியில்தான் விரல் நுனி. அவரைக்கொடி படர்வதற்கு முன்னே பந்தக்கால் நட்டாக வேண்டும் அல்லவா, அதுபோல. வகுப்பில் ஐந்து நிமிடத்தில் மேசைமேல் சாய்ந்துவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். பல நேரம் முதுகும் தோளும்தான் இன்னும் உறுதிப்படாமல் இருக்கும்.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு உருவாக 9 முதல் 12 வயது வரை ஆகிறது. நான்கு வயதுக் கை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கை. பொதுவாக 3 வயதில் ஒரு பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரையும், 4 வயதில் கூட்டல் குறி, 5 வயதில் சதுரம். சில பிள்ளைகளுக்கு முன்பின் ஆகும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். கூட்டல் குறியே நேராக வராத கையிடம் 'இ'யும் 'ஞ'வும் கேட்பது நியாயம் இல்லை.

என்ன செய்வது என்பதற்கு நம் வீட்டுத் திண்ணையே போதும். இப்போது புளி சீசன். பாதி வீடுகளில் வாசலில் புளி குவிந்து கிடக்கிறது. பழத்தின் நாரை நுனியில் பிடித்து அறுந்துபோகாமல் உரிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அளவாக அழுத்தினால்தான் அது வரும். பென்சில் கேட்பதும் அந்த அளவான அழுத்தத்தைத்தான். எடுத்த கொட்டையைக் குவித்து ஊதி, பக்கத்துக் கொட்டை அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்கும் விளையாட்டைப் பாட்டிமார் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பேரனோடு உட்கார்ந்து ஆடுங்கள். ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: கூலிப் புளிக்குப் பிள்ளையை உட்காரவைக்கச் சொல்லவில்லை. கத்தியும் சுத்தியலும் அவர்கள் கையில் வேண்டாம். விளையாட்டாகக் கால் மணி நேரம், அலுத்தால் எழுந்து ஓடட்டும். வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் புளியங்கொட்டை, நிலக்கடலை அவர்கள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கில் போட்டுக்கொள்வார்கள், மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து.

கோலம் போடும்போது உங்கள் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பொடியைக் கசியவிடும். பென்சில் பிடிக்க வேண்டியதும் இதே மூன்று விரலால்தான். காலையில் வாசலில் ஓர் ஓரத்தைப் பிள்ளைக்கு ஒதுக்கிக் கொடுங்கள், பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புள்ளி வளைந்தால் அழித்துத் திருத்தாதீர்கள்.

கேழ்வரகு அடைக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை கொடுங்கள், தட்டட்டும். முருங்கைக் கீரை உருவட்டும், துவைத்த கைக்குட்டையைப் பிழியட்டும். சோற்றைத் தானே பிசைந்து தானே சாப்பிடட்டும், சிந்தினால் கூட்டிக்கொள்ளலாம். பொத்தானைத் தானே போட நேரம் ஆகும். பத்து நிமிடம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் சிலேட்டும் ஒரு துண்டுச் சாக்பீஸும் போதும். துண்டு சிறிதாக இருந்தால் முழுக் கையால் பிடிக்க முடியாது, விரல் நுனி தானாக வந்துவிடும்.

தோளுக்கும் இடுப்புக்கும் வெளியே விடுங்கள். நொண்டி, பச்சைக்குதிரை, டயர் வண்டி, கயிறு தாண்டுவது, தாழ்ந்த மாங்கிளையில் தொங்குவது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் ஓடியாடி இருக்க வேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. போனில் விரல் தேய்க்க மட்டும்தான் செய்கிறது. பிடிக்கவோ அழுத்தவோ முறுக்கவோ அங்கே எதுவும் இல்லை.

இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் நம் பள்ளியிலும் இருக்கிறார்கள். அந்தக் கையில் அடித்து மாற்ற வேண்டாம். அது குறையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. அந்தக் கையிலேயே எழுதட்டும்.

சிலவற்றை மட்டும் 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. அடிக்கடி தடுக்கி விழுவது, ஒரு கையை எதற்குமே பயன்படுத்தாதது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி ஊன்றி எழுவது, முன்பு ஏறிய படியை இப்போது ஏற முடியாமல் போவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் என்னிடமோ வகுப்பு டீச்சரிடமோ உடனே சொல்லுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள், செலவு கிடையாது. தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் அனுப்பிவைப்போம். வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று மறைக்காதீர்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

பள்ளியில் நாங்களும் மாற்றிக்கொள்கிறோம். அடுத்த திங்கள் முதல் எல்.கே.ஜி.க்கு நோட்டில் எழுதும் வீட்டுப்பாடம் கிடையாது. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வரிக்கு மேல் இராது. காலை உணவு முடிந்ததும் அரை மணி நேரம் இந்த மூன்று வகுப்புகளும் மைதானத்தில் இருக்கும். அந்தப் பாட்டியின் பேரன் இப்போது தினமும் களிமண்ணில் மாடு செய்கிறான். கொம்பு மட்டும் ஒடிந்துகொண்டே இருக்கிறது, மறுபடி உருட்டி ஒட்டுகிறான்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு மரத்தடியில் கூடுவோம், பள்ளி மேலாண்மைக் குழுவினரும் வருவார்கள். வரும்போது ஒரு படி புளியங்கொட்டை, பழைய கோணிப்பை, பஞ்சர் கடையில் கிடைத்தால் ஒரு சைக்கிள் டயர் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி
தர்மபுரி மாவட்டம்