எஞ்சின் வாங்கலாமா என்று கேட்டாயே

கணபதி, கோவை
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. இங்கே பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. இரண்டு லேத்தும் ராத்திரி வரை ஓடுகின்றன. அதனால்தான் பதில் தாமதம்.

உன் பையன் ஆதி கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டி ஓட்டுகிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ரோட்டாக்ஸ் மேக்ஸ் எஞ்சின் போட்டிகளில் சின்னப் பிள்ளைகளுக்கான மைக்ரோ மேக்ஸ் பிரிவில் ஆரம்பித்தது சரியான முடிவு. எஞ்சினை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா என்று கேட்டிருந்தாய். என் பதில் இதுதான்: சேசிஸை, அதாவது வண்டியின் சட்டத்தை, வாங்கு; எஞ்சினை வாடகைக்கு எடு. இரண்டு சீசனாவது அப்படியே போகட்டும். நான் இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பீளமேடு ஹாஸ்டல் வராந்தாவில் உன் அண்ணனின் யெஸ்டியைப் பிரித்துப் போட்டோமே, நினைவிருக்கிறதா? பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்து ஓட்டி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. பேப்பரை விரித்து, ரிங் ரிங்காகக் கழற்றி, விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். சொந்த வண்டி என்றால் எனக்கு அதுதான் அர்த்தம். நானே திறக்கலாம், நானே பார்க்கலாம், தப்பு எங்கே என்று தெரிந்துகொள்ளலாம்.

ரோட்டாக்ஸ் மேக்ஸில் அது நடக்காது. எஞ்சினுக்கு சீல் வைத்திருப்பார்கள், சீலில் நம்பர் இருக்கும். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்தான் அதைத் திறந்து, அளந்து, மறுபடியும் சீல் வைக்கலாம். சீல் உடைந்திருந்தால் போட்டியில் இறங்கவே முடியாது. 25 வருஷமாக லேத் பிடித்த எனக்கு, என் பணத்தில் வாங்கிய எஞ்சினின் சிலிண்டரைத் தொட உரிமை இல்லை என்பது முதலில் ஜீரணிக்கவே முடியாததாக இருந்தது. ஆனால் காரணம் நியாயமானது. ஆஸ்திரியாவில் கூன்ஸ்கிர்ஷனில் இருக்கும் அந்த கம்பெனி 1997-ல் இந்த எஞ்சினைக் கொண்டுவந்ததே, பணமுள்ளவன் எஞ்சினை நோண்டி வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வழியை அடைக்கத்தான். 2000-ல் போர்ட்டோ ரிக்கோவில் தொடங்கிய அவர்களுடைய உலக இறுதிப் போட்டியில் எஞ்சினைக் குலுக்கல் முறையில்தான் கொடுக்கிறார்கள். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் இரவல் எஞ்சின்தான்.

நீ எழுதியிருந்த ஒரு வாதம் சரியானது. மைக்ரோ, மினி, ஜூனியர் என்று வயதுக்கேற்ற பிரிவுகள் எல்லாம் அடிப்படையில் ஒரே 125 சிசி டூ ஸ்ட்ரோக். எஞ்சினின் சக்தியைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர் போன்ற சில உதிரிகளை மாற்றினால் பிள்ளையோடு எஞ்சினும் வளரும். ஆனால் சீனியர் வரும்போது பவர் வால்வ் (புகை வெளியேறும் வழியை வேகத்துக்கு ஏற்ப மாற்றும் வால்வ்) உள்ள சிலிண்டர் தேவைப்படும், அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள். நம் ஆர்எக்ஸ் 100 அதன் 98 சிசியில் 11 குதிரைத்திறன் கொடுத்தது. சீனியர் மேக்ஸ் 125 சிசியில் 30-க்குப் பக்கம் வருகிறது. அவ்வளவு கசக்கிப் பிழியும் எஞ்சினை மணிக்கணக்கு வைத்துத்தான் பார்க்க வேண்டும், வருஷக் கணக்கு இதற்கு ஒத்துவராது. பிராக்டிஸ், குவாலிஃபையிங், ஹீட், ஃபைனல் எல்லாம் சேர்த்து ஒரு ரவுண்டில் என் மகள் யாழினி ஓட்டுவது சுமார் 2 மணி நேரம். 5 ரவுண்டுக்கு 10 மணி. இடையில் செட்டிபாளையம் டிராக்கில் பயிற்சி ஒரு 15 மணி. ஆக, சீசனுக்கு 25 மணி. 50 மணிக்கு ஒருமுறை பெரிய சர்வீஸ் என்று வைத்தால், இரண்டு சீசனுக்கு ஒருமுறை பிஸ்டன், பேரிங் என்று செலவு வந்து நிற்கும். அதற்குள் ஆதிக்கு ஆர்வம் நிலைக்குமா என்பது உனக்கே தெரிந்துவிடும். பயிற்சி அதிகமாகி வருஷத்துக்கு 40, 50 மணி என்று போனால் வாங்குவதுதான் லாபம். அதுவரை வாடகையே மலிவு.

நான் வாங்கிய கதையைச் சொல்கிறேன். முதல் வருஷம் வாடகை. இரண்டாம் வருஷம் பொறுமை இல்லாமல் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினேன். விற்றவர் 20 மணி ஓடியது என்றார். எஞ்சின் ஓடிய மணியையும் சர்வீஸையும் குறிக்கும் லாக் புக்கில் நடுவில் பதிவே இல்லாத இடத்தை நான் கவனிக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் திறந்து அளந்தபோது தேய்மானம் வேறு கணக்கைச் சொன்னது. வாங்கிய மாதமே முழு சர்வீஸ். மைக்ரோமீட்டரோடு வாழ்கிறவன் அளக்காமல் வாங்கிவிட்டேனே என்று பல நாள் தூக்கம் வரவில்லை. நீ எப்போது வாங்கினாலும் சரி, சீல் நம்பரையும் லாக் புக்கையும் பக்கம் பக்கமாக ஒத்துப்பார். சர்வீஸ் சென்டர் அளந்து சொன்ன பிறகே பணம் கொடு.

வாடகையிலும் கவனம் வேண்டும். எது உடைந்தால் யார் பணம் கட்டுவது என்று எழுத்தில் வாங்கு. இடித்ததில் ரேடியேட்டரோ எக்ஸாஸ்ட்டோ போனால் பெரும்பாலும் நம் கணக்குதான். அதைவிட முக்கியம் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளை. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிவு, அதனால் கார்புரேட்டரில் சின்ன ஜெட் போதும். அதே ஜெட்டோடு சென்னைப் பக்கம் உங்கள் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வந்து ஓட்டினால் அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் சூடேறி, யெஸ்டிக்கு வந்த கதிதான் வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க ஆதிக்கே சொல்லிக்கொடு. இளம் பழுப்பு நல்லது. வெள்ளை தட்டினால் ஆபத்து. இதையெல்லாம் வாடகை எஞ்சினிலேயே கற்கலாம், சீல் அதைத் தடுக்காது.

இன்னொன்றும் எழுத வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். சொந்த எஞ்சின் இருந்த வருஷம் யாழினி தோற்ற ஒவ்வொரு முறையும் நான் எஞ்சினைத்தான் பார்த்தேன். பிஸ்டனா, கிளட்ச்சா என்று நானே அவளுக்குச் சாக்கு தேடிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் மறுபடியும் வாடகைக்குப் போனோம். ஒரு ரவுண்டில் கடைசியில் வந்தவள், "அப்பா, இந்த எஞ்சின் ஸ்லோவா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல், வண்டியின் வேகத்தையும் ஆர்பிஎம்மையும் பதிவு செய்யும் டேட்டா லாகரில் இருந்ததை முன்னால் வந்த பையனுடையதோடு வைத்துப் பார்த்தோம். நேர்ப்பாதை முடிவில் இரண்டு பேருக்கும் ஒரே ஆர்பிஎம். இவள் வளைவுகளில் நிறைய வேகத்தைக் கொட்டிவிட்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மூன்றாம் வளைவில் பிரேக்கைச் சீக்கிரம் விட்டுப் பார்க்கிறேன் என்று போனாள். அந்த நிமிஷம் எனக்கு எந்தக் கோப்பையையும்விடப் பெரிது.

ஆகையால் ஆதியின் காசை சேசிஸிலும் டயரிலும் டிராக் நேரத்திலும் போடு. சீட் மட்டும் அவன் இடுப்புக்கு அளந்து வாங்கு. பெரிய சீட்டில் வளர்வான் என்று விட்டால் விலா எலும்பு நோகும்.

பள்ளி விடுமுறையில் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். யாழினியின் பழைய சீட் அவனுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன், செட்டிபாளையத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டும். ரேஸ் வீரர் கரிவரதன் பெயர் தாங்கிய அந்த டிராக்கில் அவன் ஓட்டுவதை நாம் வேலி ஓரம் நின்று பார்க்க வேண்டும். அம்மா நடக்க ஆரம்பித்ததும் போன் செய், நான் பேச வேண்டும்.

அன்புடன்,
செல்வம்