பெயிண்ட் வாங்கும் முன் சுவரைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக்கு நாமே பெயிண்ட் அடிக்கலாமா, பெயிண்டரைக் கூப்பிடலாமா என்ற பேச்சு பெரும்பாலும் கூலிக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன் சுவரைச் சோதிக்க வேண்டும். ஒரே வீட்டில் படுக்கையறையை நாமே முடித்துவிடலாம். குளியலறையை ஒட்டிய சுவரோ ஆள் வைக்காமல் தேறாது.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ (சுண்ணாம்புத் தூள் கலந்த மலிவு வகைப் பூச்சு) தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) அடித்தால் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், பிறகு தோல் தோலாக உரியும். அடுத்து, கத்தி முனையால் பழைய பெயிண்டில் பெருக்கல் குறி கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் அந்த இடத்தை அடிவரை சுரண்டியாக வேண்டும். ஈரம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. கசிவை அடைக்காமல் எத்தனை விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் வரும், உப்புப் பூக்கும். விரல் முட்டியால் தட்டும்போது உள்ளே பொள்ளலாகக் கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அதற்குக் கொத்தனார்தான் வேண்டும்.

இவற்றில் தேறிய சுவருக்கு மறுபடி இரண்டு கோட் அடிப்பது யாரும் செய்யக்கூடிய வேலை. 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி உள்ள அறையின் நான்கு சுவரும் 480 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 55 போனால் 425. லிட்டருக்கு ஒரு கோட்டில் 120 சதுர அடி என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு ஏழு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். சொரசொரப்பான சுவர் இதைவிட அதிகம் குடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறுவது சுவரில் அப்படியே தெரியும்.

புதிதாக அடிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, நான்கு சுவரின் ஓரங்களையும் பிரஷ்ஷால் முடித்துவிட்டுப் பிறகு ரோலரை எடுப்பது. ஓரம் காய்ந்துபோய் சட்டம் போட்டதுபோல் தனியாக நிற்கும். ஒரு சுவரின் ஓரத்தை அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே அந்தச் சுவரை ரோலரால் முடித்துவிட வேண்டும். மின்விசிறியை அப்போது நிறுத்திவிடுங்கள். அடுத்த கோட்டுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இன்னும் அதிகம்.

பட்டி பார்ப்பது, அதாவது பெயிண்டுக்கு முன் மாவு போன்ற கலவையை இழுத்துச் சுவரைச் சமன் செய்வது, வேறு கதை. பெயிண்டரின் கைத்திறன் தெரிவதே இங்கேதான், அதற்குக் கூலி கொடுப்பதில் கணக்குப் பார்க்கக் கூடாது. சிமெண்ட் பட்டிக்குச் சுவரை நனைக்க வேண்டும். கலந்ததை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இழுத்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் பிடிப்பு போய்விடும். இரண்டு கோட்டும் சேர்ந்து 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிப்பு விடும். காய்ந்த பிறகு 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. தேய்த்த தூசியைத் துடைக்காமல் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) அடித்தாலும் உரியும். பட்டி வைத்த இடத்துக்கு பிரைமரே அடிக்காமல் விட்டால் அங்கு மட்டும் நிறம் உள்வாங்கித் திட்டுத் திட்டாகத் தெரியும்.

மாடி உயரத்து வெளிச்சுவருக்குச் சாரம் கட்டத் தெரிந்த ஆட்களே போகட்டும். பழைய வீட்டின் எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். கதவு, ஜன்னலில் அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். நனைத்து, முகக்கவசம் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்கவே கூடாது.

ஆள் வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சதுர அடிக் கூலியை மட்டும் அடித்துப் பேசாதீர்கள். குறைத்த காசு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கழியும்: ஒரு கோட் பட்டி குறையும், பிரைமர் காணாமல் போகும், எமல்ஷனில் தண்ணீர் கூடும். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்த பெயிண்ட் அன்றைக்குப் பளிச்சென்றிருந்தாலும் பிறகு ஈரத் துணியால் துடைத்தால் துணியோடு வரும். எத்தனை கோட் பட்டி, எத்தனை கோட் பிரைமர், எந்தப் பெயிண்ட், என்ன நிற எண், கதவு ஜன்னல் பரப்பைக் கழிப்பதா இல்லையா, சாரம் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். சீல் உடையாத டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பட்டி தேய்த்து முடித்ததும், பிரைமர் அடிக்கும் முன், டார்ச்சைச் சுவரோடு படுக்கவைத்து வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். மேடு பள்ளம் அப்போது தெரிந்தால் அரை மணி நேரத்தில் சரியாகும். இரண்டாவது கோட்டுக்குப் பிறகு தெரிந்தால் முழுச் சுவரையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பெயிண்டிங் தொழிலில் உள்ள வாசகர்கள்