டேங்க் யூனிட்டை மாற்ற ஒத்துக்கொள்ளாதே

அன்புள்ள கண்ணு,

நம் அம்பாசடர் வண்டி கத்திப்பாராவில் பெட்ரோல் இல்லாமல் நின்றுபோனதை அம்மா சொன்னாள். பெட்ரோல் கேஜின் முள் பாதியில் நிற்கும்போது டேங்க் காலி என்று யாருக்குத் தோன்றும்! ஆனால் மெக்கானிக் சொல்கிறார் என்று டேங்க் யூனிட்டையே, அதுதான் டேங்க்குக்குள் ஃப்ளோட் என்கிற மிதவையோடு இருந்து பெட்ரோல் அளவைக் கேஜுக்குச் சொல்லும் பாகம், மாற்றிவிடாதே. கொல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் அம்பாசடர் செய்வதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது கடையில் அகப்படும் டேங்க் யூனிட் எந்தப் பட்டறையில் செய்ததோ, தெரியாது. ஃப்ளோட் கம்பியின் வளைவு கொஞ்சம் பிசகினாலும் முள் காட்டுவது தப்பாகத்தான் இருக்கும். நம்முடையது துருப்பிடித்திருந்தாலும் அளவு சரியானது.

யூனிட் இருக்கும் இடம் உனக்குத் தெரியும். கழற்றுமுன் கேஜைச் சோதித்துவிடு. சாவியை அணைத்து, யூனிட்டுக்கு வரும் ஒயரைப் பிடுங்கி, இன்னொரு ஒயரால் நீட்டி டேங்க்கை விட்டுத் தள்ளிக் கொண்டுபோ. அப்புறம் சாவியைப் போடு. ஒயர் சும்மா இருந்தால் முள் ஒரு கோடிக்கும், பாடியில் ஒரு கணம் தொட்டால் மறு கோடிக்கும் போக வேண்டும். போனால் கேஜும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு யூனிட்டில்தான். யூனிட் பாடியோடு சேரும் எர்த் இணைப்பையும் ஒரு தடவை சுரண்டிப் பார்த்துவிடு.

திறக்கும் வேலையை உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே முழுக்க ஆவிதானே. வெட்டவெளியில் நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி, போனை வீட்டில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கு. இதில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள்.

முதல் நாள் ராத்திரியே ஸ்க்ரூக்களில் துருவை இளக்கும் எண்ணெய் விட்டுவை. சுற்றியிருக்கும் துருவைப் பிரஷ்ஷால் தள்ளித் துடைத்த பிறகு திற, இல்லாவிட்டால் அத்தனையும் டேங்க்குக்குள் விழும். யூனிட்டைச் சாய்த்துச் சாய்த்து எடு, கம்பி வளையக் கூடாது. எடுத்ததும் ஓட்டையை மூடிவிடு.

தகட்டிலும் கம்பியிலும் இருக்கும் துருவுக்கு வினிகரில் நனைத்த துணி போதும். உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி சுற்றியிருக்கும், அதில் உப்புத்தாள் படவே கூடாது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடி. மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஃப்ளோட்டை மேலும் கீழும் அசைத்துப் பார். எண் நிதானமாக ஏறி இறங்க வேண்டும். நடுவில் குதித்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஒரே இடத்தில் எப்போதும் எண் வராமல் போனால் கம்பி போய்விட்டது என்று அர்த்தம்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார். களக் களக் என்றால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி வெளியே கொண்டுபோய் அதில் முக்கு, குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஈயம் வைக்கிற வேலையை நீ செய்யாதே, எனக்கு அனுப்பிவிடு.

மூடும்போது புது கார்க் பேக்கிங் போடு. யாராவது சிலிகான் தடவச் சொன்னால் வேண்டாம், பெட்ரோலில் ஊறி உரிந்து கார்புரேட்டர் வரை போகும். மூடிய பிறகு பங்கில் ஐந்து ஐந்து லிட்டராகப் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று எழுதிவை.

இனிமேல் மழைக்காலத்தில் கால் டேங்க்கோடு வண்டியை நிறுத்திவைக்காதே. காலி இடத்தில் ஈரம் படியும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு, அது தண்ணீரை இழுக்கும். ஓட்டாத மாதங்களில் நிரப்பி வை.

பேக்கிங் இரண்டு பார்சலில் வருகிறது. அம்மா முறுக்கும் வைத்திருக்கிறாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொடாதே.

அன்புடன்,
அப்பா