கொண்டென்சரை வீட்டிலேயே மாற்றலாம், காஸைத் தராசில் அளந்து வாங்குங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோளகம் அடிக்கத் தொடங்கினால் வன்னியில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஏசி பெரிய தலையிடியாகி விடுகிறது. "காஸ் இறங்கிப்போச்சு, ஒருக்கால் அடிச்சால் சரி" என்று கராஜுக்குப் போகிறார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே செலவு. ஏசி காஸ் டீசலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது அது. றப்பர் ஹோஸ் வழியாக வருடக் கணக்கில் கொஞ்சம் கசியலாம். இரண்டு மாதத்தில் குளிர் நிற்கிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டுவிட்டுக் காஸ் அடிப்பது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

எங்கள் பக்கத்துப் பிக்கப்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கொண்டென்சர், அதாவது சூடான காஸை ஆறவைத்துத் திரவமாக்கும் பாகம். கிறிலுக்கு நேர் பின்னால், றேடியேற்றருக்கும் முன்னால் அது நிற்கிறது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் கிறவல் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் போனால் தெறிக்கிற கல் நேரே அதில்தான் படும். முல்லைத்தீவு, நாயாறு, மன்னார்ப் பக்கங்களில் உப்புக்காற்று அதன் மெல்லிய அலுமினியத்தை அரிக்கிறது. அறுவடைக் காலத்தில் வயலுக்குள் போய்வரும் வாகனங்களில் சப்பியும் வைக்கோல் தூளும் தகடுகளுக்கிடையில் அடைந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து அரிப்பைக் கூட்டும்.

கழற்றுவதற்கு முன் பழுது அங்கேதான் என்று உறுதி செய்யுங்கள். ஓட்டை வழியாகக் காஸோடு சேர்ந்து ஒயிலும் வெளியே வரும். அதில் செம்மண் தூசி ஒட்டி, காயாத கறுப்புத் திட்டாகத் தெரியும். இரண்டு ஓரங்களிலும் உள்ள நிலைக்குழாய்கள், ஹோஸ் வந்து சேரும் கட்டை, கீழ்த் தாங்கி ஆகிய இடங்களில் சவர்க்கார நுரை பூசி, டோர்ச் பிடித்துப் பொறுமையாகப் பாருங்கள். காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரின் கிளச்சைச் சுற்றி ஒயில் தெறித்திருந்தால் ஒழுக்கு கொம்பிரசரின் முன் சீலில். கொண்டென்சரை மாற்றிப் பயனில்லை. ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடானால் அது காற்றோட்டக் குறை. நிறுத்தி வைத்து இயந்திரத்தை ஓடவிட்டு, கிறில் வழியாகக் கொண்டென்சர் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே குளிர் திரும்பினால் பான் பழுது, பான் கிளச் பழுது, தகடு அடைப்பு ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். அதற்குப் புதுக் கொண்டென்சர் வாங்கத் தேவையில்லை.

இரண்டு தவறான முடிவுகளால் ஆட்கள் நிறையப் பணம் இழக்கிறார்கள். காஸ் அழுத்தம் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் பிரெஷர் சுவிட்ச் கொம்பிரசரை இயங்க விடாது. அதைப் பார்த்துவிட்டு "கொம்பிரசர் செத்துப்போச்சு" என்கிறார்கள். நல்ல கொம்பிரசர் குப்பைக்குப் போகிறது. மற்றது, வாகனம் நிற்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை நம்புவது. ஆர்134ஏ என்ற ஏசி காஸ் 30 பாகை வெப்பத்தில் 95 பிஎஸ்ஐ அளவு காட்டும். உள்ளே துளி திரவம் மிஞ்சியிருக்கும் வரை, நிறைந்திருந்தாலும் பாதி இருந்தாலும் அதே 95தான். நிற்கும்போது காட்டும் கேஜை வைத்துக் "காஸ் போதும்" என்று சொல்ல முடியாது.

ஓட்டையை எம்-சீல் பூசி அடைப்பதும், ஒழுக்கை அடைக்கும் டின் மருந்தை உள்ளே விடுவதும் வேண்டாம். ஓடும்போது அந்தப் பக்கம் 200 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தமும் கை வைக்க முடியாத சூடும் இருக்கும், பூச்சு நிற்காது. டின் மருந்து ஈரத்தோடு சேர்ந்து இறுகி, திரவத்தைச் சிறு துளையால் விரியவிடும் எக்ஸ்பான்சன் வால்வை அடைத்துவிடும்.

கொண்டென்சரை மாற்றுவது ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் அரை நாளில் செய்யக்கூடிய வேலை. உள்ளே மிச்சக் காஸ் இருந்தால் மட்டும் முதலில் காஸை வெளியே விடாமல் இழுத்துச் சேகரிக்கும் ரிக்கவரி மெசின் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் எடுப்பியுங்கள். நட்டைத் தளர்த்திச் சும்மா வெளியேற்றாதீர்கள். அந்தத் திரவம் வெளிக்காற்றில் மைனஸ் 26 பாகையில் கொதிக்கும்; கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அரைக் கிலோ ஆர்134ஏ வளியில் கலப்பது 700 கிலோ காபனீரொட்சைட்டை விடுவதற்குச் சமம். காஸ் முழுதும் தானாகப் போயிருந்தாலும் கண்ணாடி போட்டுக்கொண்டே இணைப்பைத் திறவுங்கள்.

பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, கிறிலையும் பொனட் பூட்டுத் தாங்கியையும் ஹோனையும் எடுங்கள். சில வாகனங்களில் கொண்டென்சருக்கு முன்னால் மின் பான் ஒன்று இருக்கும். அதன் சொக்கெட்டைப் பிரித்து அதையும் எடுக்க வேண்டும். ஓட்டோ கியர் வாகனமாயின் கியர் ஒயில் கூலரும் அதே இடத்தில் இருக்கலாம். அதன் ஹோஸைத் தொடாமல், கூலரை மட்டும் ஒரு பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். பெரும்பாலானவற்றில் ஏசிக் குழாய்கள் இரண்டும் 10 மில்லிமீற்றர் தலையுள்ள ஒவ்வொரு போல்ட்டில் நிற்கும். இரும்பு போல்ட், அலுமினியக் கட்டை: இரண்டும் சேர்ந்து துருவில் பிடித்திருக்கும். முதல் நாள் பின்னேரமே துரு இளக்கும் ஒயில் அடித்து விடுங்கள். மறுநாள் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் வரும். ஒரே முறுக்கில் இழுத்தால் போல்ட் தலை முறியும், அல்லது குழாயே திருகிக் கிழியும்; பிறகு ஹோஸும் வாங்க வேண்டும். நட் வகை இணைப்பென்றால் ஒரு ஸ்பானரால் பிடித்து, மற்றதால் திருப்புங்கள். கழன்ற கணமே ஹோஸ் வாய்களைப் பிளாஸ்டிக் மூடியால், இல்லையேல் சுத்தமான பொலித்தீனும் டேப்பும் கொண்டு இறுக்கி மூடுங்கள். கொம்பிரசர் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமும் காஸும் சேர்ந்தால் அமிலம் உண்டாகி உள்ளிருந்தே அரிக்கும்.

றேடியேற்றர் முகத்துக்குக் கடதாசி மட்டை ஒன்றை வைத்துவிட்டு, கொண்டென்சரை மேலாக உருவுங்கள். இந்தச் சந்தர்ப்பத்தில் றேடியேற்றரையும் கழுவுங்கள்: இயந்திரப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய தண்ணீரில். பிரெஷர் வோஷர் தகடுகளை மடக்கிவிடும். பழையதன் உள்ளே வெள்ளித்தூளோ கரும்பசையோ தெரிந்தால் கொம்பிரசர் தேய்ந்து துகள் விட்டிருக்கிறது. அந்த நிலையில் கொண்டென்சரை மட்டும் மாற்றுவது வீண்.

புதியதை வாங்கும்போது சேசி இலக்கம் கொடுத்து வாங்குங்கள். பழையதைப் பக்கத்தில் வைத்துக் குழாய் வாயின் திசை, தாங்கிகளின் இடம், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் நிற்கும் பக்கம் ஆகிய மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பாவித்த கொண்டென்சரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதன் நுண்துளைகளுக்குள் இருப்பதைக் கழுவி எடுக்க முடியாது. டிரையரையும் கூடவே மாற்றுங்கள். இப்போதைய வாகனங்கள் பலவற்றில் அது கொண்டென்சரின் ஓரக் குழாய்க்குள் பையாகவே இருக்கும். இணைப்புகளுக்கான புது ஓ-ரிங் (றப்பர் வளையம்) ஏசிக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் றப்பர் ஒயிலில் ஊறி விட்டுவிடும். ஓ-ரிங்கில் ஏசி ஒயில் தடவிப் போடுங்கள், கிறீஸ் வேண்டாம்.

ஒயில் அளவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய கொண்டென்சரோடு கொஞ்சம் போய்விடும் என்பதால் புதியதற்குள் 30 முதல் 40 மில்லிலீற்றர் விட வேண்டும். உங்கள் வாகனக் கைநூல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. ஒயிலின் இனம் கொம்பிரசர் லேபலில் இருக்கும். போன வருடம் திறந்து வைத்த டின் ஈரம் குடித்திருக்கும், தூக்கி எறியுங்கள். ஒயில் குறைந்தால் கொம்பிரசர் இறுகும். கூடினால் குளிர் குறையும்.

பூட்டும்போது தாங்கி றப்பர்கள் நான்கையும் பாருங்கள். நைந்திருந்தால் புதிது போடுங்கள். கம்பியால் கட்டிவைத்த கொண்டென்சர் கிறவல் வீதியின் அதிர்வில் இரும்போடு உரசி, அதே இடத்தில் ஓட்டையாகும். ஓரங்களிலும் மேலும் இருக்கும் ஸ்பொஞ்சைக் கழித்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் றேடியேற்றரின் சூடான காற்று சுற்றி வந்து மறுபடி கொண்டென்சருக்குள் புகும். குழாய் போல்ட்டுக்கு 5 முதல் 10 நியூட்டன் மீற்றர் இறுக்கம் தாராளம். சிறிய ரச்செட்டின் கழுத்தைப் பிடித்து இறுக்கினாலே அந்தளவு வந்துவிடும்.

இனிப் பரிசோதனையும் நிரப்பலும். இதை உரிய கருவி உள்ள இடத்தில் மட்டுமே செய்விக்க வேண்டும். ஒழுக்குப் பார்க்க ரெகுலேற்றர் பூட்டிய நைதரசன் சிலிண்டரால் 150 பிஎஸ்ஐ ஏற்றலாம். வெல்டிங் ஒட்சிசனை ஒருபோதும் ஏற்றக்கூடாது; ஒயிலோடு சேர்ந்து வெடிக்கும். ரயர் காற்றும் கூடாது, அது ஈரத்தையே உள்ளே தள்ளும். அடுத்து வெற்றிடம், அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்து எடுப்பது: குறைந்தது 30 முதல் 45 நிமிடம், பிறகு வால்வை மூடிப் 15 நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். 30 பாகை வெப்பத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அழுத்தம் 32 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே போக வேண்டும். தேய்ந்த பம்போ, பிரிஜ் கொம்பிரசரை மாற்றிச் செய்த பம்போ அதுவரை இழுக்காவிட்டால், எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் ஈரம் அங்கேயே இருக்கும். சில நாளில் எக்ஸ்பான்சன் வால்வில் பனியாகி, விட்டு விட்டுக் குளிரும்.

காஸின் அளவு பொனட்டின் கீழ் ஸ்ரிக்கரில் கிராமில் எழுதியிருக்கும். அதைத் தராசில் வைத்தே ஏற்ற வேண்டும். குழாயிலுள்ள பார்வைக் கண்ணாடியைப் பார்த்துக் "கண்ணாடியில் நுரை போச்சுது, காணும்" என்பதும், குழாயைத் தொட்டுப் பார்ப்பதும் அளவல்ல. 100 கிராம் கூடினால் உயர் அழுத்தம் ஏறிப் புதுக் கொண்டென்சரையே வதைக்கும். சமையல் காஸ் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தீப்பற்றும் வாயுவை ஆசனத்துக்கு முன்னால் உள்ள குழாயில் ஓடவிடும் வேலை அது. போலிக் காஸையும் கவனிக்க வேண்டும். 2011இல் கலப்படக் காஸ் அலுமினியத்தோடு தாக்கமுற்றுக் குளிர்கொள்கலன்கள் வெடித்து, அவற்றில் வேலை செய்தவர்கள் உயிரிழந்தார்கள். நிழலில் நெடுநேரம் இருந்த சிலிண்டரில் கேஜைப் பூட்டுங்கள். 30 பாகையில் 95 பிஎஸ்ஐயை விட்டு வெகுவாக விலகினால் அதை உள்ளே விடாதீர்கள்.

எல்லாம் சரியென்றால், 32 முதல் 35 பாகை வெயிலில் ஏசி ஓடும்போது தாழ் அழுத்தப் பக்கம் 30 முதல் 45, உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே குளிர்காற்று வரும் நடு வாயிலில் வைத்த வெப்பமானி 10 பாகைக்குக் கிட்ட இறங்கும்.

காஸ் அடிக்கும் கராஜ்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பில்லில் மூன்று எண்களை எழுதிக் கொடுங்கள்: வெளியே எடுத்த காஸ் எத்தனை கிராம், வெற்றிடம் எத்தனை நிமிடம், ஏற்றிய காஸ் எத்தனை கிராம். எழுதித் தராத இடத்தில் வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் வவுனியா தொழில்நுட்பக் கல்லூரியும், கிராமத்துக் கராஜ்காரர்களுக்குத் தராசும் வெற்றிடப் பம்பும் ரிக்கவரி மெசினும் பாவிப்பதில் ஒரு நாள் வகுப்பு வைத்தால், அடுத்த சோளகத்துக்கு முன் பல பிக்கப்களின் ஒழுக்கு நிற்கும்.

இங்ஙனம்,
வாகன ஏசி வேலை செய்வோர் சிலர்,
பரந்தன்.