ஒரே சமையலறை, இரண்டு மேசை

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
ஆகஸ்ட், ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் மணிவிழாவுக்காக டர்பனிலிருந்து பன்னிரண்டு பேர் செப்டம்பர் கடைசியில் வருகிறீர்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே குளிர் இன்னும் முழுதாக விடவில்லை. க்யூர்பீப் பக்கம் காலையெல்லாம் தூறல். நீங்கள் வரும்போது வானம் வெளுத்திருக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். விருந்துக்கு நீ யோசித்திருக்கும் உணவகத்தில் ஒரே சனிக்கிழமை இரவு சாப்பிட்ட இரண்டு குடும்பங்களில் ஒன்று “இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதே இல்லை” என்கிறது, மற்றது “காசைக் கடலில் கொட்டினோம்” என்கிறது, யாரை நம்புவது என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பேரையுமே நம்பு. முதல் குடும்பம் ஏழு மணிக்கு முன் உட்கார்ந்தது, இரண்டாவது ஏழே முக்காலுக்கு உட்கார்ந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். என் கணக்கில் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நாற்பது இருக்கை கொண்ட உயர்தர உணவகத்தில் அடுப்புப் பக்கம் நாலைந்து பேர்தான் நிற்பார்கள். இறைச்சிக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், காய்க்கும் சாஸுக்கும் ஒருவர், தட்டு வெளியே போகும் ‘பாஸ்’ மேசையில் தலைமைச் சமையல்காரர். கால் மணி நேரத்துக்கு எட்டுப் பத்துத் தட்டு என்றால் தரம் குறையாமல் அனுப்பிவிடுவார்கள். கடற்கரையில் பொழுது சாய்ந்து, குளித்து உடுத்திக்கொண்டு விருந்தினர்கள் ஏழரைக்குத் திரளாக வந்து இறங்கினால் முப்பது ஆர்டர் ஒன்றாக உள்ளே போகும். முதலில் ஆர்டர் கொடுத்த மேசைக்கு எட்டேகாலுக்குள் மெயின், அதாவது முக்கியத் தட்டு, வந்துவிடும். கடைசி மேசைக்கு ஒன்பதைத் தாண்டும். அதற்குள் அவர்கள் ரொட்டிக் கூடையை இரண்டு முறை காலி செய்திருப்பார்கள், பசி செத்திருக்கும். அதன் பிறகு வருகிற தட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆகையால் ஏழரைக்குப் பதிவு செய்யாதே. ஆறே முக்கால் அல்லது எட்டரை. உங்களுக்கு எட்டரையே வசதி, ஏனென்றால் இங்கே டர்பனை விட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கத்து எட்டரை உங்கள் வயிற்றுக்கு ஆறரைதான். ஆனால் அதற்கு மேல் தள்ளாதே. பத்து மணிக்குப் பல சமையலறைகளில் அடுப்பைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள், கடைசி மேசைக்கு அவசரம் தெரியும்.

பாஸ் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், உன் விருந்துக்கு அதுதான் முக்கியம். ஆறு பேர் மேசை ஒன்றை எடுத்துக்கொள். இரண்டு வாத்து நெஞ்சு, மூன்று மீன், ஒரு ரிசோட்டோ, அதாவது சாறில் குழைய வேகும் இத்தாலிய அரிசிச் சோறு. வாத்து நெஞ்சைத் தோல் கீழே இருக்கும்படி குளிர்ந்த வாணலியில் வைத்துக் கொழுப்பை மெல்ல உருக்க வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், திருப்பிப் போட்டு இரண்டு நிமிடம், இறக்கி ஏழெட்டு நிமிடம் ஆறவிட வேண்டும். ஆறவிடாமல் வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். ரிசோட்டோவுக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம். மீன் துண்டுக்கு நாலைந்து நிமிடம். முதலில் பரிமாறிய ஸ்டார்ட்டர் தட்டை எடுக்கும் வேளை பார்த்து வாத்தை முதலில், அரிசியை அடுத்து, மீனைக் கடைசியில் ஏற்றுவார்கள். ஆறு தட்டும் ஒரே நிமிடத்தில் பாஸுக்கு வந்து சேரவேண்டும்.

அந்த நிமிடத்தில் மேசையில் ஒருவர் எழுந்து போனில் பேச வராந்தாவுக்குப் போய்விடுகிறார் என்று வை. இப்படிப்பட்ட இடங்களில் எல்லோரும் உட்கார்ந்திருந்தால்தான் தட்டு வைப்பார்கள். ஆறு தட்டும் சூடுவிளக்கின் கீழே காத்திருக்கும். மீனின் மொறுமொறுத்த தோல் அடியிலிருந்து வரும் ஆவியில் நமத்துப்போகும். நடுச்சதை தன் சூட்டிலேயே மேலும் வெந்து, வெள்ளைப் புரதம் பொட்டுப் பொட்டாகக் கசியும். வெண்ணெய்யில் அடித்த வெள்ளை சாஸ் 60 டிகிரியை நெருங்கினாலே திரிய ஆரம்பிக்கும். தட்டின் ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய் வளையம் நிற்பதைப் பார்த்தால் அந்தத் தட்டு காத்துக் கிடந்திருக்கிறது என்று தெரிந்துகொள். ரிசோட்டோ இறுகிப்போய், தட்டைச் சாய்த்தாலும் அசையாது. நல்ல சமையல்காரர் மீனை மட்டுமாவது மறுபடி போடுவார். கூட்டமான இரவில் அதற்கு இடம் கிடைக்காது. எழுந்து போனவருக்கு இது எதுவும் தெரியாது, “மீன் வறண்டிருந்தது” என்றுதான் சொல்லுவார். ஸ்டார்ட்டர் தட்டு போன பிறகு யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவை.

நீங்களோ பன்னிரண்டு பேர். ஒரு தட்டை அடுக்க நாற்பது விநாடி என்று வைத்தாலும், இரண்டு பேர் சேர்ந்து கைபோட்டால் பன்னிரண்டு தட்டுக்கு நாலு நிமிடம் ஆகும். முதல் தட்டு அந்த நாலு நிமிடமும் நிற்கும். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு விதமாகச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மெயின் மட்டும் தேர்ந்தெடுத்து, யார் யாருக்கு எது என்று பெயர் எழுதி நாலு நாள் முன்பே அனுப்பிவிடு. இல்லையென்றால் ஆறு ஆறாக அடுத்தடுத்த இரண்டு மேசை கேட்டு, கால் மணி இடைவெளியில் பரிமாறச் சொல். மணிவிழாவுக்கு எல்லோரும் ஒரே மேசையில் இருப்பதுதான் அழகு. ஆகவே முதல் வழியே நல்லது.

இடமும் கேட்டுப் பதிவு செய். செப்டம்பரில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம், நேராக வந்து அடிக்கும். அங்கே வெளி மேசையில் 60 டிகிரிக்குச் சூடாக்கிய தட்டுகூட மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். “சாப்பாடு ஜில்லென்று வந்தது” என்ற குறையில் பாதி சமையலறையில் பிறப்பதில்லை, காற்றில் பிறக்கிறது. கிராண்ட் பே பக்கம் காற்று மறைவு அதிகம். எங்கே போனாலும் உள்ளே, ஏசி வாய்க்கு நேர் கீழே இல்லாத மேசை கேள்.

இனி எதைச் சொல்லிச் சாப்பிடுவது. செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. உங்களில் பாதிப் பேர் விரதம் இருப்பீர்கள். சைவக்காரர்கள் மனம் நொந்து திரும்புவதுதான் இந்த உணவகங்களில் அதிகம் நடப்பது, பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாததால். மேசையில் உட்கார்ந்துகொண்டு “நாங்கள் சைவம்” என்றால் அவர்களிடம் கையில் இருப்பது மற்ற தட்டுகளின் ஓரக் காய்கள்தான். அவற்றைச் சுட்டு வரிசையாக அடுக்கி அனுப்புவார்கள், விலையும் குறையாது. குறைந்தது 48 மணி நேரம் முன்பு போன் செய். ‘சைவம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதே, அவர்கள் கணக்கில் முட்டை சைவத்தில் சேரும். ஒவ்வொன்றாகக் கேள். சூப்பும் ரிசோட்டோவும் எந்தச் சாறில் வேகிறது, கோழியா மீனா காயா? மேலே துருவும் பாலாடைக்கட்டி எது? பார்மிஜானோ என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். பன்னா கோட்டா, மூஸ் போன்ற இனிப்பு வகைகளில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. கடற்பாசி அகரில் செய்யச் சொன்னால் செய்வார்கள். வாயில் கரையும் அந்த மென்மை மட்டும் வராது. ஜெலட்டின் நம் உடம்புச் சூட்டிலேயே உருகும், அகர் உருக 85 டிகிரி வேண்டும். வெட்டினால் உடையும் பதம் என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு.

விரதம் இல்லாதவர்களுக்கு மான் இறைச்சி நல்லது. டச்சுக்காரர்கள் 1639-இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இனம். குளிர்காலம்தான் வேட்டைப் பருவம் என்பதால் நல்ல கறி கிடைக்கும். ஆனால் அதில் கொழுப்பு மிகக் குறைவு. முதுகுத் துண்டை 54, 55 டிகிரியில் நிறுத்தினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். 60-ஐத் தாண்டினால் ஈரல் வாசம் வந்து சக்கையாகும். நம் பெரியவர்கள் “நல்லா வேகட்டும்” என்பார்கள், அது தவறில்லை. அப்படி வேண்டுமென்றால் முதுகுத் துண்டைக் கேட்காதே, தோள்சதையை மூன்று மணி நேரம் குழம்பில் வேகவைத்த வகையைக் கேள். அதில் நார் உருகிப் பசையாகிச் சாற்றோடு சேர்ந்திருக்கும்.

ஆக்டோபஸ் மெனுவில் இருந்தால் அது உறைய வைத்தது. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அதைப் பிடிக்கத் தடை. உறைந்ததே என்று முகம் சுளிக்காதே, உறையும்போது பனிப்படிகம் தசையைக் கிழித்து மென்மையாக்கும். ரப்பர் போல இழுத்தால் குற்றம் கொதி நேரத்தில். ஒன்றரைக் கிலோ ஆக்டோபஸ் தளதளவென்று கொதிக்காமல் ஒரு மணி நேரமாவது வேகவேண்டும், வெந்த நீரிலேயே ஆறவும் வேண்டும்.

பனைக்குருத்து சாலட்டை அவசியம் கேள். ஒரு குருத்துக்காக ஏழு வருடம் வளர்ந்த மரத்தை வெட்டுகிறார்கள், விலை அதனால்தான். தட்டு வந்ததும் வெட்டுப்பரப்பைப் பார். தந்த நிறமாக இருந்தால் இப்போதுதான் சீவியது. ஓரம் பழுப்பேறி, அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் மாலையிலேயே சீவி உப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் தயங்காமல் திருப்பிக் கொடு.

அளவைப் பற்றி உன் மருமகன் கவலைப்படுவதாக எழுதினாய். ஏழு தட்டு மெனு என்றால் ஒவ்வொன்றும் 60 முதல் 90 கிராம், எல்லாம் சேர்த்தால் அரைக் கிலோ. பசி அடங்கும், ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பரப்பிக் கொடுப்பார்கள். நம் கோயில் பந்தியில் பூசணி, பலா, வாழைக்காய் என்று ஏழு கறியும் சோறும் ஒரே இலையில் ஒரே மூச்சில் விழும். அந்தப் பழக்கத்தோடு போனால் இடைவெளி தாங்க முடியாது. தட்டுக்குத் தட்டு பன்னிரண்டு பதினைந்து நிமிடம் என்றால் சரி, இருபத்தைந்தைத் தாண்டினால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. கூப்பிட்டுக் கேட்கலாம். பெரியவர்கள் இருப்பதால் நாலு தட்டு மெனுவே போதும்.

ஒயினில் ஒன்று மட்டும். சிவப்பு ஒயினை ‘அறைச் சூட்டில்’ என்பது ஐரோப்பிய அறை, அதாவது 16, 18 டிகிரி. 28 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் வரும். பத்து நிமிடம் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் வைக்கச் சொல், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கை கெட்டது, புட்டியை மாற்றித் தரவேண்டும்.

பில்லில் சண்டை வரும் இடங்கள் மூன்று. மெனு விலையில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேள். தண்ணீர்ப் புட்டியைக் கேளாமலே திறப்பார்கள், பன்னிரண்டு பேருக்கு அது பெரிய தொகை. கல்லிறாலுக்கு 100 கிராம் விலைதான் போட்டிருப்பார்கள். 900 கிராம் உயிரெடை என்றால் ஒன்பது மடங்கு, அதிலும் ஓடும் தலையும் போகத் தேறுவது மூன்றில் ஒரு பங்கு சதை. சமைக்கும் முன் எடை போட்டு விலை சொல்லச் சொல். டிப்ஸ் உங்கள் ஊர் மாதிரி 10, 15 சதவீதம் என்று இங்கே கட்டாயம் இல்லை. நன்றாகக் கவனித்த பிள்ளையின் கையில் நேரே கொடு.

தட்டில் குறை இருந்தால் இரண்டாவது வாய்க்குள் சொல்லிவிடு. முக்கால் தட்டு சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் அவர்களால் திருத்த முடியாது, பில்லில் கழிக்கத்தான் முடியும். “நன்றாக இல்லை” என்று சொல்லாதே. “நடுவில் ஆறியிருக்கிறது”, “உப்பு தூக்கல்” என்று சொல். உள்ளே நிற்பவருக்கு அப்போதுதான் எதைச் சரிசெய்வதென்று புரியும். புதுத் தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், மற்றவர்கள் காத்திருக்காமல் சாப்பிடட்டும்.

கேக் நீங்களே கொண்டுவருவதாக இருந்தால் அதை வெட்டிப் பரிமாறக் கூலி உண்டா என்று அதே போனில் கேட்டுக்கொள். நாள் உறுதியானதும் எழுது. பெயர்ப் பட்டியலையும் யார் யார் விரதம் என்பதையும் அனுப்பினால் பிரெஞ்சில் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அக்காவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். வரும்போது அக்கா கையால் இடித்த மசாலாத்தூள் கொஞ்சம் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய நண்பன்