அந்த ஆயிரம் வேண்டாங்க

மாப்பிள்ளைக்கு,

கோபியில் மஞ்சள் வேக வைத்து முடித்திருப்பாய். விலை எப்படி என்று எழுது. போன வாரம் போனில், "அரசியல் பேசி நமக்கென்ன ஆகப்போகுது" என்று சலித்துக்கொண்டாயே, அதற்கு இப்போதுதான் பதில் கிடைத்தது.

எங்கள் பனியன் கம்பெனியில் ஏப்ரலுக்குச் சம்பள உயர்வு. லிஸ்ட் போடுவது நான். கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கு 20,500, ஆயிரம் ஏற்றியிருந்தார்கள். ஷிப்ட் விட்டதும் என் மேஜைக்கு வந்து, நைந்துபோன சம்பளச் சீட்டை விரித்தார். ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான பிடித்தம் 154 ரூபாய் என்ற வரியில் விரலை வைத்தார். நகக்கண்ணெல்லாம் துணித் தூசு. "அண்ணா, அந்த ஆயிரம் வேண்டாங்க. இது மட்டும் நின்னுறக் கூடாதுங்க." வீட்டம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ், அந்தக் கார்டில்தான் ஓடுகிறது.

மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் ஈஎஸ்ஐ இல்லை. முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே என்பாய். அதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். 21,500 வாங்குகிறவருக்கு இரண்டும் கிடையாது. அரசு மருத்துவமனை உண்டு, வாசலில் யாரும் சம்பளம் கேட்பதில்லை. ஆனால் பழகிய டாக்டரையும் இடத்தையும் நடுவில் மாற்ற அவருக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது.

ஈஎஸ்ஐ வரம்பை 15,000-லிருந்து 21,000 ஆக்கியது 2017 ஜனவரியில். 2019 ஜூலையில் முதலாளி பங்கை 4.75 சதவீதத்திலிருந்து 3.25-க்கும், தொழிலாளி பங்கை 1.75-லிருந்து 0.75-க்கும் குறைத்தார்கள். கம்பெனிகளுக்குச் சுமை குறைந்தது, எங்களுக்கும் நல்லதுதான். அதே கையோடு வரம்பையும் ஏற்றியிருக்கலாமே மாப்பிள்ளை? 2017-க்கு அப்புறம் இங்கே கூலி எத்தனை தடவை ஏறிவிட்டது! யாருக்கு வைத்தியம் என்பதை நோயா முடிவு செய்கிறது? எங்கேயோ உட்கார்ந்து போட்ட ஒரு தொகைதான் முடிவு செய்கிறது. அந்தத் தொகையைப் போடுவதுதான் அரசியல்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்களே, அதில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பிரஷரைப் பார்த்தார்கள், மாத்திரையைக் கொடுத்தார்கள். வருமானச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை.

அப்புறம், மாஸ்டர் விஷயம். ஈஎஸ்ஐ கணக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம். பருவம் தொடங்கிய பிறகு சம்பளம் ஏறினால், அது முடிகிறவரை பிடித்தம் தொடரும். அந்தப் பிடித்தத்துக்கான வைத்தியம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஏப்ரலிலேயே ஏற்றினால், மார்ச் வரை பிடித்ததற்கான வைத்தியம் இந்த டிசம்பரோடு சரி. முதலாளியிடம் போய், "இவருக்கு மட்டும் மே மாதம் ஏற்றலாங்க" என்றேன். காரணம் கேட்டுவிட்டுச் சரி என்றார். மாஸ்டரிடம் சொன்னபோது, "அடுத்த ஜூன் வரைக்குங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஜூலைக்கு என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சித்திரையில் வருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்,
திருப்பூர்