எடைக்கல் செய்ய உதவியவர்களுக்கு

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

கார்பனிலிருந்து அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களை, உண்டாக்கும் எங்கள் கருவி வேலை செய்கிறது! மூன்று வருடமாகக் கோயிலிலும் கடையிலும் "அந்த மெஷின் என்னாச்சு?" என்று விசாரித்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் எடைக்கல் சரியில்லையென்றால் பொன்னை நிறுக்க முடியாது. அணுக்கருவை நிறுக்கும் பென்னிங் பொறியும் அப்படித்தான். காந்தப்புலத்துக்குள் ஓர் அயனி விநாடிக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை வைத்து அதன் நிறையைக் கணக்கிடுகிறார்கள். காந்தப்புலமோ மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நிறை தெரிந்த ஓர் அயனியை முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட வேண்டும். அதற்குக் கார்பன்-12ஐ விட நல்ல எடைக்கல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 1961இலிருந்து அணுநிறை அலகையே அதை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். அதன் நிறை மிகச் சரியாக 12. கார்பன் அணுக்கள் கொத்தாகச் சேர்ந்தால் 24, 36, 48 என்று ஏறிக்கொண்டே போகும். எந்த அணுக்கருவுக்கும் ஆறு அலகுக்குள் ஓர் எடைக்கல் கிடைத்துவிடும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பென்னிங் பொறியால் நிறை அளக்கும் ஐசோல்ட்ராப் குழு இந்தக் கொத்துகளை வைத்துத் தன் அளவீட்டுப் பிழை பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு என்று காட்டியது.

கண்ணாடிக் கார்பன் தகட்டில் லேசர் பட்டால் கொத்துகள் பறக்கும். எங்களுக்கும் பறந்தன. அப்புறம் ஒரே இடத்தில் பட்டுப் பட்டுக் குழி விழுந்ததும் எண்ணிக்கை சரிந்துவிட்டது. வெற்றிடத்துக்குள் தகட்டைச் சுழற்றியாக வேண்டும்.

அந்தச் சுழலும் தாங்கியைக் கடைந்து கொடுத்தவர் பட்டறை மாமா. நான்கு முறை கடைந்தார். மூன்றாவது வீணானது நான் அளவைத் தப்பாக எழுதியதால். அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வரைபடத்தை வாங்கிப் பார்த்து, "சரி கண்ணு, நாளைக்கு வா" என்றார். விரல் எண்ணெய் பட்டாலே வெற்றிடம் கெடும் என்று சொன்ன நாளிலிருந்து கையுறை இல்லாமல் அதைத் தொட்டதே இல்லை.

மின்வெட்டு இரவுகளில் பம்புக்குக் காவலிருந்த தோழிகளுக்கு நன்றி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து பேட்டரியைக் காரில் ஏற்றி வந்த அண்ணனுக்கும், பாதி ராத்திரியிலும் சோறு எடுத்துவைத்த ஆயாவுக்கும் நன்றி. சனிக்கிழமை வகுப்பில் எனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்த டீச்சர், இந்த மடலில் பிழையிருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

மாமா, வட்டமாகத் தேய்ந்துபோன அந்த முதல் தகட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவருகிறேன்.